ஈரப்பதம்

எண்ணூறு மீட்டரில் நான் இரண்டாவது.
முதலில் வந்தவள் கோட்டூர்ப் பள்ளி செங்கமலம்.
இடையில் பதினொரு மீட்டர்,
அதில் அவள் கிளப்பிவிட்ட புழுதி,
புழுதிக்குப் பின்னால் நான்.

மன்னார்குடி மைதானத்தில் பந்தல் பிரிக்கும் முன்பே
அப்பா வெள்ளைத்தாள் வாங்கிவிட்டார்.
ஐயா வணக்கம் என்று தொடங்கி
பத்திரத்தில் நான்கு மால் எழுதுவதுபோல்
ஒரு பெண்ணை எழுதினார்:
கிழமேல் தோளகலம், தென்வடல் உயரம்,
குரல் இன்னது, மேலுதட்டில் ரோமம் இன்னது.
புதிய சட்டத்தின் மூன்றாம் பிரிவில்
இரண்டாவதாக வந்தவள் ஆட்சேபிக்கலாமாம்.
என் கையெழுத்துதான் வேண்டும்.

போட்டேன்.

இதைச் சொல்லிவிட்டால்
மீதியைச் சொல்வது சுலபம் என்று நினைத்திருந்தேன்.

அவளைத் திருவாரூருக்கு அழைத்துப் போனது
அமலோற்பவம் டீச்சர்.
ஒரு குப்பி ரத்தம். ஒரு பச்சைத் திரை.
திரைக்குப் பின்னால் கையுறை போட்ட இருவர்.
டீச்சர் வாங்கித் தந்த கடலைமிட்டாயை
அவள் பிரிக்கவே இல்லையாம்.
சாயங்காலம் வரை உள்ளங்கையில் வைத்திருந்து
பாகு இளகி
விரல்கள் ஒட்டிக்கொண்டனவாம்.

பெண்பிள்ளைகளின் நலனுக்காக என்று
சட்டமன்றத்தில் பேசியிருக்கிறார்கள்.
அந்தப் பெண்பிள்ளை நான்தான்.
பொய் சொல்லமாட்டேன்,
எனக்கும் ஜெயிக்கத்தான் ஆசை.
நாலரை மணி இருட்டில்
பாமணியாற்றுக் கரையில் நாய்களுக்குப் பயந்து பயந்து ஓடியவள் நான்.
அவள் முதுகைப் பார்த்து, இது சரியா என்று
நானும் யோசித்ததுண்டு.
யோசனைக்கும் கையெழுத்துக்கும் நடுவில்
எத்தனை மீட்டர் என்றுதான்
அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு எண் வந்தது. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்.
அது எதை அளந்த எண் என்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
எனக்குத் தினசரித் தாளில் சுற்றி
முதல் பரிசுப் பதக்கம் வந்தது.

மாசியில் மழை.
அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்து
பதினாறு நாள் காவல் கிடந்தோம்.
பட்டியல் எழுத்தர் ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டார்.
பத்தொன்பது புள்ளி நான்கு.
"பதினேழுக்கு மேல எடுக்க முடியாதுங்க. விதி."
அப்பா துண்டை உதறினார்.
"வானம் பேஞ்சதுக்கு நெல்லு என்னய்யா பண்ணும்?
அது வெளஞ்ச வாகு அப்படி.
ஈரம் கூடினா நெல்லு நெல்லு இல்லேன்னு ஆயிருமா?"

மறுநாள் சாலை மறியல்.
இருபத்திரண்டு வரை தளர்வு கேட்டு
முன்வரிசையில் அப்பா, தொண்டை கட்டிப்போகும்வரை.
மத்தியக் குழு வந்து
கண்ணாடிக் குடுவையில் நெல்லை எடுத்துப்போனது.
இருபதுக்குத் தளர்த்தினார்கள்.
வெடி போட்டார்கள்.

தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து மடித்தபடி கேட்டேன்:
"அவளுக்கு எவ்வளவுப்பா இருந்துச்சு?"
"எவளுக்கு?"
நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.
ஓரம் சரியா இல்ல, மறுபடி மடி என்றார்.

போன வாரம் கோட்டூர் போகும் நகரப் பேருந்தில்
சன்னலோரம் இருந்தேன்.
வண்டி கிளம்பிய பிறகு
புத்தகப் பையோடு ஒருத்தி ஓடி வந்தாள்.
அந்த முழங்கால் உயர்வதை எங்கும் அடையாளம் காண்பேன்,
அதன் பின்னால் ஓடியிருக்கிறேன்.
கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள்.
நடத்துனர் ஏறிட்டும் பார்க்காமல்
மகளிர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக்
கிழித்து நீட்டினார்.

அவள் அதை வாங்கிப் படித்தாள்.
இரண்டு வரிதான் அச்சடித்திருக்கும்.
மூணாவது நிறுத்தம் வரை படித்தாள்.

என் பக்கத்தில் இடம் இருந்தது.
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
கோட்டூர் வரை
நின்றுகொண்டே வந்தாள்.